அறுபத்தாறாம் எண்ணின் மெய்ப்பொருள்: ஒரு டெக்கால் ஆராய்ச்சி

பாயிரம்

நூல் என்றால் பாயிரம் வேண்டும். பாயிரம் என்றால் நுதலிய பொருள், எல்லை, கேட்போர், பயன் எல்லாம் சொல்லியாக வேண்டும். இந்நூல் நுதலிய பொருள், சிறிய பிளாஸ்டிக் ராணுவ ஹெலிகாப்டர்களின் மேல் ஒட்டுவதற்கென்றே தனியாக அச்சிட்டு விற்கப்படும் டெக்கால் தாள். எல்லை, ஒரு அஞ்சல் உறைக்குள் அடங்குவது. கேட்போர், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு மேசை விளக்கடியில் இடுக்கியும் ஒரு கிண்ணம் தண்ணீருமாக உட்கார்ந்திருப்பவர்கள். பயன் என்று ஒன்று உண்டென எந்த ஆசிரியரும் இதுவரை வாதிட்டதில்லை, யாமும் வாதிடோம்.

டெக்கால் என்பது ஆட்டோவின் முதுகில் ஒட்டும் ஸ்டிக்கர் அன்று. ஸ்டிக்கரை உரித்து அழுத்தினால் கதை முடிந்தது. டெக்காலுக்கு அந்த அவசரம் ஆகாது. பசை தடவிய தாளின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம். அந்தப் படலத்தின் மேல் எண்ணோ எழுத்தோ சின்னமோ அச்சாகியிருக்கும். வெட்டி எடுத்துத் தண்ணீரில் நனைத்துச் சற்றுப் பொறுத்தால் பசை இளகும். பிறகு படலத்தைத் தாளிலிருந்து மாடலின் மேல் வழுக்கிவிட வேண்டும். வழுக்கும்போது மூச்சு விடலாமா கூடாதா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

இரு சமயம்

இத்துறையில் தொன்றுதொட்டு இரு சமயத்தார் உளர். பெட்டிவாதியர், மாடல் கிட்டோடு பெட்டிக்குள் வந்த டெக்காலே போதும் என்பார். புறவாதியர், பெட்டித் தாளை ஏறெடுத்தும் பாராமல், வேறொருவர் அச்சிட்ட ஆஃப்டர்மார்க்கெட் தாளை, சில வேளைகளில் கிட்டின் விலையே கொடுத்து வாங்குவார். பெட்டிவாதியர் சிக்கனக்காரர், நன்றாகத் தூங்குபவர். புறவாதியர் அப்படியில்லை.

புறவாதியரின் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஒரு கிட்டை ஆயிரக்கணக்கில் அச்சு வார்க்கும் கம்பெனி, எல்லோருக்கும் பொருந்துகிற ஒன்றிரண்டு எண்களை மட்டும் டெக்காலாகப் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். ஆனால் வாங்குபவர் மனத்தில் இருப்பதோ ஒரு குறிப்பிட்ட ஹெலிகாப்டர், குறிப்பிட்ட ஆண்டு, குறிப்பிட்ட நாள். பித்து முற்றியவரானால் குறிப்பிட்ட வேளை.

பெட்டிவாதியர் கேட்பது ஒரே கேள்வி: ஹெலிகாப்டரே கையில் இருக்கும்போது அதன் மேல் எழுதிய எண்ணுக்கு எதற்கு இத்தனை செலவு? ஹெலிகாப்டர் வேறு, எண் வேறு என்ற மயக்கத்தில் பிறந்த கேள்வி இது. எண்ணே ஹெலிகாப்டர், மற்றதெல்லாம் அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு பறக்கும் தகரம் என்பதே எம் கோட்பாடு. இதற்குச் சான்று யாது எனின், காட்டுதும்.

சான்று

அமெரிக்கக் கடற்படையில் ‘பிளாக் நைட்ஸ்’ என்று அழைக்கப்பட்ட நான்காவது நீர்மூழ்கி எதிர்ப்பு ஹெலிகாப்டர் அணி ஒன்று இருந்தது. அதில் 1967-இல் ஒரு சிகோர்ஸ்கி சீ கிங் வந்து சேர்ந்தது. கடற்படைப் பதிவேட்டில் அதன் எண் 152711. விலாவில் பெரிதாக, கறுப்பாக எழுதியிருந்தது 66. கடலுக்கடியில் நீர்மூழ்கிகளைத் துழாவுவது அதன் உத்தியோகம். பேர் வாங்கிக் கொடுத்ததோ வேறு வேலை: நிலாவுக்குப் போய்த் திரும்பியவர்களைப் பசிபிக் கடலிலிருந்து தூக்குவது.

1968 டிசம்பரில் அப்போலோ 8, 1969 மே மாதம் அப்போலோ 10, ஜூலை 24-இல் அப்போலோ 11. ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் காலின்ஸும் கடலிலிருந்து மேலே ஏறி, ஹார்னெட் என்ற கப்பலில் போய் இறங்கியது 66-இல்தான். இங்கே ஆய்வாளர் கவனிக்கத் தக்கது ஒன்றுண்டு. நிலாக் கிருமி எதையாவது கொண்டுவந்திருப்பார்களோ என்ற அச்சத்தில் மூவருக்கும் தலை முதல் கால் வரை மூடிய உடையும் முகமூடியும் மாட்டியிருந்தார்கள். ஆகவே உலகம் விழித்திருந்து பார்த்த அந்தக் காட்சியில் யாருடைய முகமும் தெரியவில்லை. தெரிந்தது 66.

விளைவு உடனே தெரிந்தது. மேற்கு ஜெர்மனியில் மனுவேலா என்ற பாடகி அதே 1969-இல் ஒரு பாட்டு வெளியிட்டார்; தலைப்பிலேயே ‘ஹெலிகாப்டர் யு.எஸ். நேவி 66’ என்று எண் சுத்தமாக இருந்தது. பிரிட்டனின் டிங்கி டாய்ஸ், விண்கலத்தைத் தூக்கும் சீ கிங் பொம்மையைக் கடைக்குக் கொண்டுவந்தது. நீர்மூழ்கி தேடும் ஒரு கடற்படை ஹெலிகாப்டருக்கு இத்தனை சீர்வரிசை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இனிதான் நம் கோட்பாட்டின் உயிர்நிலை. அப்போலோ 11-க்குப் பிறகு கடற்படை மூன்றிலக்க எண்முறைக்கு மாறியது. 66 ஒழிந்து 740 ஆயிற்று. அரசாணைக்கு முன் நிலாவும் ஒன்றுதான், நீர்மூழ்கியும் ஒன்றுதான். ஆனால் 1969 நவம்பரில் அப்போலோ 12 திரும்பும் நேரம் வந்ததும் கடற்படை என்ன செய்தது? 740-ஐ மறைத்து 66 என்று எழுதியது. வீரர்களைத் தூக்கி, படமெல்லாம் எடுத்து முடித்த பிறகு மறுபடி 740. 1970 ஏப்ரலில் அப்போலோ 13 உயிர் பிழைத்துத் திரும்பியபோதும் அதே கூத்து. அதே இறக்கை, அதே இயந்திரம், அதே தகரம்; இருந்தும் 740 என்ற பெயரில் போய்த் தூக்கினால் உலகம் நம்பாது என்று அமெரிக்கக் கடற்படையே கருதியிருக்கிறது. புறவாதியரின் முதல் ஆசிரியர் அமெரிக்கக் கடற்படை என்க.

இதன் முடிவு வேடிக்கைக்குரியதன்று. 1975 ஜூனில், சான் டியேகோவுக்கு அப்பால் இரவுப் பயிற்சியின்போது 152711 கடலில் விழுந்தது; அதன் விமானி பிறகு இறந்துபோனார். இன்று சான் டியேகோவில் மிட்வே, அலமீடாவில் ஹார்னெட் என்ற இரு அருங்காட்சியகக் கப்பல்களிலும் 66 என்று எழுதிய சீ கிங்குகள் நிற்கின்றன. அவை இரண்டுமே அதுவன்று. வேறு சீ கிங்குகளுக்கு அந்த எண்ணைச் சூட்டியிருக்கிறார்கள். நம் ஊரில் ‘ஸ்டிக்கர் ஒட்டுவது’ என்றால் ஏளனம். அங்கே நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறார்கள்.

ஒட்டியல்

எண்ணே ஹெலிகாப்டர் என்று நிறுவியாயிற்று. ஆகவே எண்ணை ஒட்டுவதில் வரும் பிழை, வெறும் கைப்பிழையாக நின்றுவிடாமல், இருப்பியல் பிழையாகிறது. இப்பிழைகளுள் தலையாயது வெள்ளிபூத்தல்.

மங்கலான பெயின்ட், உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். படலம் மேடுகளின் மேல் படுத்துக்கொள்ள, பள்ளங்களில் காற்று அடைபடும். அந்தக் காற்றில் ஒளி சிதறி, எண்ணைச் சுற்றிலும் வெள்ளி பூசியதுபோல் ஒரு மினுக்கம் தோன்றும். தூரத்திலிருந்து பார்த்தாலும் ‘என்னை ஒட்டியிருக்கிறார்கள்’ என்று அது காட்டிக்கொடுத்துவிடும். பரிகாரம், ஒட்டுவதற்கு முன்பே மாடலின் மேல் பளபளப்பான பூச்சு ஒன்று கொடுப்பது. பல்லாண்டுகள் இதற்குச் சிறந்த மருந்தாக விளங்கியது ஜான்சன் கம்பெனியின் தரை மெருகுத் திரவம். அமெரிக்காவில் ஃபியூச்சர், பிரிட்டனில் கிளியர் என்று பெயர். சமையலறைத் தரைக்கென வாங்கிய புட்டி எப்படிக் காலியாகிறது என்று பல குடும்பங்களில் இல்லத்தரசிகளுக்குக் கடைசிவரை புரிந்திருக்காது.

அடுத்தது தடிமன். ஒரு படலம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்றே வைத்துக்கொள்வோம். கையில் எடுத்தால் காற்றுக்குச் சமம். ஆனால் 1/72 அளவில் அதை 72-ஆல் பெருக்க வேண்டும், 0.72 மில்லிமீட்டர். அதாவது நிஜ ஹெலிகாப்டரின் மேல் பெயின்டுக்குப் பதிலாக ஏறத்தாழ முக்கால் மில்லிமீட்டர் தடிமனில் பிளாஸ்டிக் பாய் ஒன்றை விரித்ததற்கு ஒப்பு. அச்சு விலகலும் அப்படியே. வியட்நாமில் காயம்பட்டவர்களைத் தூக்கிய ‘டஸ்டாஃப்’ ஹியூ ஹெலிகாப்டர்களுக்கு வெள்ளைச் சதுரத்தில் செஞ்சிலுவை வேண்டும். சிவப்பு கால் மில்லிமீட்டர் நகர்ந்து அச்சானால், நிஜத்தில் 18 மில்லிமீட்டர் கோணலாக எழுதிய ஓவியர் ஒருவர் இருந்ததாக ஆகிறது. இல்லாத அந்த ஓவியரை வரலாற்றில் புகுத்துவது அறமாகாது. இத்தாலியின் கார்ட்டோகிராஃப் அச்சகம் இப்பிழை செய்யாது என்பதாலேயே, ‘டெக்கால் கார்ட்டோகிராஃப்’ என்று பெட்டியின் மேல் தனியாகப் போட்டுக்கொள்ளும் கிட் கம்பெனிகள் உண்டு.

வெள்ளை நிறம் தனி வியாகுலம். வீட்டு பிரின்டர் எல்லா நிறத்தையும் தரும், வெள்ளையைத் தவிர. தாளே வெள்ளைதானே என்பது அதன் எண்ணம். ஒளி ஊடுருவும் படலத்தில் அந்த வாதம் செல்லாது. ஜப்பானின் ஆல்ப்ஸ் கம்பெனி ஒரு காலத்தில் ரிப்பனிலிருந்து வெள்ளையையும் உலோக நிறங்களையும் உருக்கி அச்சிடும் பிரின்டரைச் செய்தது. பிறகு நிறுத்திவிட்டது. குடிசைத்தொழிலாக டெக்கால் அச்சிடுவோர் அந்தப் பழைய இயந்திரங்களைக் கட்டிக் காத்துவருகிறார்கள்.

ஆனால் உண்மையான சோதனை ஹியூவின் மூக்கில் இருக்கிறது. அங்கேயும் ஒரு செஞ்சிலுவை உண்டு, மூக்கோ உருண்டை. கோளப்பரப்பைச் சிதைவில்லாமல் தட்டையாக்க இயலாது என்று கணிதவியலாளர் காஸ் 1827-இலேயே நிறுவிவிட்டார். தட்டைப் படலத்தைக் கோளத்தில் சுருக்கமின்றிப் படியவைப்பதும் அதே காரணத்தால் இயலாது. ஆயினும் காஸின் தேற்றத்தில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: பரப்பு நீளவோ சுருங்கவோ கூடாது. மைக்ரோஸ்கேல் கம்பெனியின் இரண்டு சிறு புட்டிகள் இந்த நிபந்தனையைத்தான் கரைக்கின்றன. நீல லேபிள் போட்ட மைக்ரோ செட், வினிகர் வாசனையடிப்பது, படலத்தைப் பரப்போடு ஒன்றவைக்கும். சிவப்பு லேபிள் போட்ட மைக்ரோ சால் படலத்தையே இளக்கிவிடும். தடவிய சிறிது நேரத்தில் டெக்கால் சுருங்கிச் சுருண்டு, பார்க்கவே வயிறு கலங்கும். அப்போது விரல் வைப்பவன் கெட்டான். பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். திரும்பி வரும்போது சுருக்கம் தானே இழுத்துக்கொண்டு, ரிவெட் தலை ஒவ்வொன்றும் தெரியும்படி மூக்கோடு மூக்காகப் படிந்திருக்கும். காஸ் இதைக் கண்டிருந்தால் அடிக்குறிப்பு ஒன்று சேர்த்திருப்பார் என்பது எம் துணிபு.

பழந்தாள்களைப் பற்றி ஒரு சொல். நாள்பட்டால் படலம் மஞ்சள் பூக்கும். ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி ஒட்டிவைத்தால் வெளுக்கும். நொறுங்கும் நிலைக்குப் போயிருந்தால், திரவப் படலம் ஒன்றை மேலே தடவிக் காப்பாற்றலாம். எதற்காகக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்பவர் பெட்டிவாதி.

தடையும் விடையும்

66-க்குத் திரும்புவோம். அதற்கே உரிய மூன்று இடர்கள் உள்ளன.

முதலாவது தலைகீழ் இடர். மற்ற எண்ணைத் தவறாக ஒட்டினால் கண்ணே சொல்லிவிடும். 66-ஐத் தலைகீழாக ஒட்டினால் 99 ஆகிவிடும். அதுவும் ஒரு நல்ல, நம்பத்தகுந்த ஹெலிகாப்டராகவே நிற்கும். நிலாவுக்கும் அதற்கும்தான் சம்பந்தமில்லை.

இரண்டாவது கல இடர். மீட்ட கலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு உருவம் 66-இன் மேல் தீட்டப்பட்டது. ஆகவே எத்தனை கலம் ஒட்டுகிறோமோ அத்தனையாவது தேதிக்கு மாடல் போய்ச் சேரும். 8-க்குப் பிறகு 9 என்று ஒட்டுபவர் கணக்கில் புலி, வரலாற்றில் பூனை. அப்போலோ 9 இறங்கியது அட்லாண்டிக்கில். அதைத் தூக்கியது வேறு ஹெலிகாப்டர்.

மூன்றாவதைப் பெட்டிவாதியர் தடையாக எழுப்புகின்றனர்: எண்ணே ஹெலிகாப்டர் என்றால், மிட்வேயில் நிற்பதும் 66, ஹார்னெட்டில் நிற்பதும் 66, ஒரே பொருள் ஈரிடத்தில் எங்ஙனம் நிற்கும்? இது தடையே அன்று. மூலவர் கடலடியில் இருக்கிறார், உற்சவர் கப்பல்தோறும் எழுந்தருளியிருக்கிறார். இதில் முரண் காண்பவர் திருவிழா பார்த்திராதவர்.

அவர்கள் விடுவதாக இல்லை. அப்படியானால், நிஜ 66-ஐ மாடல் செய்பவரும் அருங்காட்சியகத்து 66-ஐ மாடல் செய்பவரும் வாங்கவேண்டியது ஒரே தாளா என்கின்றனர். ஏறக்குறைய. உடலின் பின்பக்கம் பதிவு எண்ணைப் பொடி எழுத்தில் போடுவார்கள். மூலவருக்கு 152711, மற்றவற்றுக்கு அவரவர் எண். எழுத்து நிஜத்தில் இரண்டு அங்குல உயரம் என்று கொண்டால் 1/72-இல் 0.7 மில்லிமீட்டர். எம் கோட்பாடு முழுவதும் இப்போது அந்த முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைந்த ஆறு இலக்கத்தில் தொங்குகிறது என்று எதிர்க்கட்சியார் மகிழ்கின்றனர். தொங்கட்டும், எண்ணில்தானே தொங்குகிறது.

மாடல் போட்டி மேசையில் நடுவர் டார்ச்சோடு வருகிறார். ஆறு இலக்கத்தையும் அவர் படிப்பதில்லை. 66 நேராக இருக்கிறதா என்று ஒரு பார்வை; பிறகு குனிந்து, வால் சக்கரம் மேசையைத் தொடுகிறதா என்று டார்ச் அடிக்கிறார்.