ஏழு மணிச் செபமாலை

1950களில் கனடாவின் கியூபெக் மாகாணத்து மொன்றியல் நகரத்தில் மாலை ஏழு மணியானால் பல வீடுகளில் வானொலிப் பெட்டிக்கு முன்னால் குடும்பமே முழந்தாளிட்டிருக்கும். கர்தினால் போல்-எமில் லெஜே வானொலியில் செபமாலை சொல்லுவார். சமையலறை நாற்காலிகளில் கையை ஊன்றிக்கொண்டு தாய் தகப்பன் பிள்ளைகள் எல்லோரும் பதில் சொல்லுவார்கள். யாழ்ப்பாணத்தில், சில்லாலைக்குக் கிட்ட எங்கள் வீட்டு விறாந்தையில், அம்மம்மாவும் அந்த நேரத்துக்குத்தான் அரிக்கன் லாம்பைத் தணித்துவிட்டு செபமாலையைத் தொடங்குவா. இரண்டு ஊரும் ஒன்றையொன்று அறியாது. ஆனால் கியூபெக்கின் கிழவிகளும் என் அம்மம்மாவும் ஒரே மணிகளைத்தான் உருட்டினார்கள்.

அதற்குக் காரணமும் இருந்தது. 1816இல் தென் பிரான்சின் எக்ஸ் நகரத்தில் யூஜின் டி மசனட் தொடங்கிய அமலமரித் தியாகிகள் சபைச் சுவாமிமார் 1841இல் மொன்றியலுக்கு வந்தார்கள். ஆறு வருடம் கழித்து, 1847இல், இலங்கைக்குப் போனார்கள். எங்கள் அப்பு படித்த சம்பத்திரிசியார் கல்லூரியை வளர்த்தவர்களும் அவர்கள்தான். ஆகவே 1980களின் கடைசியில் அகதியாக மொன்றியலில் இறங்கியபோது, விசுவாசத்தைப் பொறுத்தமட்டிலாவது தெரிந்த வீட்டுக்கு வருகிறேன் என்றுதான் நினைத்தேன். மலையுச்சியில் பெரிய சிலுவை. தெருவுக்குத் தெரு அர்ச்சியசிட்டவர்களின் பெயர். பேருந்து நிறுத்தம்கூட ஏதாவது ஒரு புனிதரின் பெயரில் இருக்கும்.

எங்கள் ஊரில் நாளைக் கோயில் மணிதான் பிரித்தது. விடிய, மத்தியானம், பொழுதுபட என்று மூன்று தரம் அடிக்கும். வயலில் நிற்பவர்கூடத் தலைத்துண்டை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் நிற்பார். தபசு காலத்தில் கலியாணம் இல்லை, வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லை. பெரிய கிழமையில் யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியின் வியாகுலப் பிரசங்கத்தை வாசிப்பார்கள். பெண்கள் சொந்தச் சாவீட்டில் இருப்பது போல அழுவார்கள். இதையெல்லாம் ஏன் செய்கிறீர்கள் என்று எங்களை ஒருவரும் கேட்டதில்லை. அயலில் இருந்த சைவக் குடும்பங்களும் வெள்ளிக்கிழமை மச்சம் சமைக்காதவை. விரதம் என்றால் என்ன என்று அவர்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இங்கே முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை கிடைத்தது. முதல் வருடம் விபூதிப் புதன் அன்று காலைப் பூசை முடித்து நெற்றியில் சாம்பலோடு வேலைக்குப் போனேன். மேற்பார்வையாளர் என்னை நடைவழியில் நிறுத்தி, காகிதக் கைக்குட்டை ஒன்றை நீட்டி, முகத்தில் அழுக்கு என்றா. அது என்ன என்று தெரியாமல் சொல்லவில்லை. அவவின் தாய் வருடா வருடம் பூசிக்கொண்டதுதான் அது, அவவே பிறகு இன்னொருத்தியிடம் சொன்னதைக் கேட்டேன். நான் அந்தத் தாளை வாங்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன். சாப்பாட்டு அறையிலும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை இறைச்சியைத் தவிர்த்தால் சிரிப்பு. ஞாயிறு காலை வேலைக்கு மாற்று நேரம் கேட்டால், படித்த பொம்பிளை நீ, இன்னுமா என்ற கேள்வி. தலைமுக்காடு போட்ட மொறோக்கோ நாட்டுப் பெண் தொழுகைக்கு நேரம் கேட்டபோது அவளிடம் இதையே இன்னும் கடுமையாகக் கேட்டார்கள்.

அந்த இல்லத்தில் தொண்ணூறை நெருங்கிய ஒரு கிழவி இருந்தா. என் சீருடைப் பையிலிருந்து செபமாலையின் நுனி வெளியே தெரிந்ததைக் கண்டு, அதை இந்த அறைக்குள்ளே கொண்டுவராதே என்று சத்தம் போட்டா. அன்றிலிருந்து அந்த அறைக்குப் போகுமுன் செபமாலையை என் அலுமாரியில் வைத்துவிட்டுப் போவேன். அது அவவுடைய அறை. மாதங்கள் போன பிறகு ஒரு பின்னேரம், தலை வாரிக்கொண்டிருந்தபோது, தானாகவே சொன்னா. எட்டாவது பிள்ளைக்குப் பிறகு இன்னொரு பேறு உயிருக்கு ஆபத்து என்று வைத்தியர் சொல்லிவிட்டாராம். ஒன்றரை வருடம் பிள்ளை இல்லாமல் போனது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது குருவானவர் காரணம் கேட்டு, பாவமன்னிப்புத் தர மறுத்துவிட்டார். ஞாயிறு பூசையில் ஊர் முழுவதும் எழும்பி நன்மை வாங்கப் போக, இவ மட்டும் வாங்கில் இருந்திருக்கிறா. ஊருக்கு விளங்கிவிட்டது. பிறகு இன்னும் மூன்று பிள்ளைகள். மூன்றாவது பேற்றில் பிள்ளை தங்கவில்லை. "அதற்குப் பிறகு ஒரு நாளும் போகவில்லை" என்றா. என்னிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை. அவவுக்குப் பதில் தேவைப்படவும் இல்லை. வெள்ளை முடியை இரண்டாகப் பிரித்துப் பின்னி முடித்தேன்.

அந்தக் கதைக்குப் பிறகு இந்த மாகாணத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1940களிலும் 50களிலும் கன்னியாஸ்திரிகளின் பராமரிப்பில் இருந்த ஆயிரக்கணக்கான அநாதைப் பிள்ளைகளை மனநோயாளிகள் என்று பொய்யாகப் பதிந்திருக்கிறார்கள். அநாதை இல்லத்தைவிட மனநோய் மருத்துவமனைக்கு அரசுப் பணம் கூடக் கிடைத்ததுதான் காரணம். அப்போதைய மாகாண முதல்வர் மொறிஸ் டுப்ளெசியின் பெயரால் அவர்களை இன்றும் டுப்ளெசியின் அநாதைகள் என்கிறார்கள். பழங்குடிப் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து அடைத்துவைத்த வதிவிடப் பள்ளிகளில் மிகப் பலவற்றை நடத்தியது அமலமரித் தியாகிகள் சபை. எங்களுக்கு எழுத்தறிவித்த அதே சபை. 1991இல் சபை மன்னிப்புக் கேட்டது. 2022 யூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் சக்கர நாற்காலியில் வந்து அந்த மக்களின் மண்ணிலேயே மன்னிப்புக் கேட்டார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்து நான் அழுதேன். எங்கள் அப்புவுக்கு அந்தச் சுவாமிமார் மேல் இருந்த நன்றி பொய்யில்லை. அந்தத் தாய்மாரின் வயிற்றெரிச்சலும் பொய்யில்லை. ஒன்றைச் சொல்லி மற்றதை மூட என்னால் முடியாது.

1960இல் தொடங்கிய மாற்றத்தை இங்கே அமைதிப் புரட்சி என்கிறார்கள். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் திருச்சபையின் கையிலிருந்து அரசின் கைக்குப் போயின. ஒரு தலைமுறைக்குள் வாங்குகள் வெறுமையாகின. வானொலியில் செபமாலை சொன்ன கர்தினால் லெஜேயே 1967இல் பதவியை விட்டுவிட்டுக் கமரூனில் தொழுநோயாளருக்குத் தொண்டு செய்யப் போய்விட்டார். கியூபெக் நகரத்தில் ஒரு கோயில் இன்று நூலகம். வேறு சில கோயில்கள் அடுக்குமாடி வீடுகளாகிவிட்டன. நூலகமானதில் எனக்கு மனக்குறை இல்லை. உடற்பயிற்சிக் கூடமாகவும் நீராவிக் குளியலாகவும் ஆனவற்றைக் கடந்து போகும்போது மனம் வலிக்கத்தான் செய்கிறது.

2019 யூன் 16இல் 21ஆம் சட்டம் நிறைவேறியது. அரசுப் பள்ளி ஆசிரியர், பொலிஸ், அரசு வழக்கறிஞர் போன்றோர் வேலை நேரத்தில் மதச் சின்னம் எதுவும் அணியக்கூடாது. அடுத்த மாதம் 9ஆம் திகதி, 1936இல் டுப்ளெசி சட்டசபையில் மாட்டிய பாடுபட்ட சுரூபத்தைக் கழற்றினார்கள். பங்கில் சிலர் இதை வேதகலாபனை என்றார்கள். எனக்கு அந்தச் சொல் பொறுக்கவில்லை. யூலை 9 எங்களுக்கு வேறொரு நாள். 1995இல் அதே திகதியில் நவாலி புனித பேதுரு கோயிலில் தஞ்சமடைந்திருந்த சனத்தின் மேல் இலங்கை விமானப்படை குண்டு போட்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். சுரூபம் கழற்றப்பட்ட அந்த 2019இலேயே, ஏப்ரல் 21 உயிர்ப்பு ஞாயிறன்று, கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் கோயில்களில் வைத்தே மனிதரைச் சிதறடித்தார்கள். அதைக் கண்ட இனம், சுவரிலிருந்து ஒரு சுரூபம் இறங்கியதைக் கலாபனை என்று சொல்லலாமா? அந்தச் சுரூபத்தை அங்கே மாட்டியவர் யார், எதற்காக மாட்டினார் என்பதையும் நினைக்க வேண்டும். அரசியல்வாதி ஒருவர் தன் ஆட்சிக்குக் காவலாக வைத்த சிலுவை அது. அது இறங்கியதற்காக என்னால் துக்கப்பட முடியவில்லை.

ஆனால் ஆசிரியைகளுக்குச் செய்தது அநியாயம். என் பெறாமகள் அரசுப் பள்ளியில் படிப்பிக்கிறாள். சட்டம் வந்த பிறகு சேர்ந்தவள், அதனால் விலக்கு இல்லை. புதுநன்மை வாங்கியபோது அம்மம்மா கொடுத்த மெல்லிய சங்கிலி, அதில் நகக்கண் அளவில் ஒரு சிலுவை. ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூட வாகனத் தரிப்பிடத்தில் கண்ணாடியைப் பார்த்துக் கழற்றி, மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போவாள். "பெரியம்மா, நான் பயந்து மறைக்கிறனோ?" என்று ஒருநாள் கேட்டாள். அவளுக்கு எங்கள் ஊர்க் கதையைச் சொன்னேன். கத்தோலிக்கக் குருமாரை ஒல்லாந்தர் தடை செய்திருந்த காலத்தில், 1687இல் யோசவ் வாஸ் முனிவர் பிச்சைக்காரனாக வேசம் போட்டுத்தான் யாழ்ப்பாணம் வந்தார். அவரை மறைத்துவைத்தது சில்லாலைச் சனம். மறைத்தவர்களும் மறைந்தவரும் விசுவாசத்தை விட்டவர்கள் இல்லையே. அவள் சிரித்தாள். பிறகு, தன்னோடு படித்த ஒரு முஸ்லிம் பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் முக்காட்டை வைக்க முடியாது. அந்தப் பிள்ளை ஒன்ராறியோவுக்குப் போய்விட்டாள். சிலுவையைக் குறித்துப் பேசும் எங்கள் பங்குக் கூட்டங்களில் அந்தப் பிள்ளையின் பெயரையும் நான் ஒவ்வொரு தடவையும் எடுக்கிறேன். சிலருக்குப் பிடிக்காது, இருந்தாலும் எடுக்கிறேன்.

எங்கள் தமிழ்ப் பூசைக்கு இப்போது மூன்று நான்கு கியூபெக் முதியவர்களும் வருகிறார்கள். தங்கள் பங்கு மூடப்பட்டபின் வந்தவர்கள். ஒரு சொல் விளங்காவிட்டாலும் எந்த இடத்தில் முழந்தாளிட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிகிறது. புனித சூசையப்பர் பேராலயத்தில் முழந்தாளால் ஏறுவோருக்கென்று விட்டிருக்கும் மரப்படிகளில், என்னோடு வேலை செய்த சைவப் பெண்ணும் நானும் சேர்ந்து ஏறியிருக்கிறோம். அவவுக்குச் சூசையப்பரும் நேர்த்தி வைக்கத் தகுந்தவர். நெற்றியில் சாம்பல் ஏன் என்று என்னைக் கேட்காதவர்களில் அவவும் ஒருவர்.

2024 டிசம்பரில் மாகாண முதல்வர் பொது இடங்களில் செபிப்பதைத் தடுக்க விரும்புவதாகச் சொன்னதிலிருந்து, மடுமாதா திருநாளுக்கு எங்கள் சுரூபப் பவனி தெருவால் போகலாமா, கோயில் மண்டபத்துக்குள்ளேயே சுற்றலாமா என்று வாக்குவாதம். உள்ளேயே வைப்போம், ஏன் வீண் வம்பு என்று ஒரு பக்கம். சவாலாகவே தெருவில் போவோம் என்று இன்னொரு பக்கம். சவாலுக்காக மாதாவைத் தூக்கக் கூடாது, பயத்துக்காக ஒளிக்கவும் கூடாது என்று நான் பேசினேன். கடைசியில் தெருதான் என்று முடிவானது. நகரசபை அனுமதிக்கு விண்ணப்பம் போயிற்று. பவனி எந்த வழியால் வரும், எத்தனை மணிக்கு முடியும், ஒலிபெருக்கி எதுவரை கேட்கும் என்று பெறாமகள் பிரெஞ்சில் ஒரு கடிதம் எழுதினாள். அதை அஞ்சல் பெட்டிகளில் போடாமல், ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கையில் கொடுக்கும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்தத் தெருவில் வயதான பெண்கள் நிறையப் பேர் தனியாக இருக்கிறார்கள். முகத்தில் கதவைச் சாத்துகிறவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு நகர்வேன். நின்று திட்டுகிறவர்கள் இருந்தால், அவர்கள் சொல்லி முடிக்கும்வரை வாசலில் நிற்பேன்.