எஞ்சின் உறுப்புகளுக்கு வண்ணம் தெரிதல்: நாஞ்சில் நாட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

கழற்றிய பழைய கார் எஞ்சினின் உறுப்புகளுக்கு எந்த பெயிண்டை அடிப்பது என்பதே ஆய்வுப் பொருள். எடுத்துக்கொண்ட வண்டி ஆம்பாசிடர். உத்தரபாரா தொழிற்சாலையில் 2014-இல் அதன் உற்பத்தி நின்றுவிட்டதால் இனிப் புதுச் சான்று வந்து முடிவுகளைக் கெடுக்காது. ஆய்வெல்லை ஆரல்வாய்மொழி முதல் களியக்காவிளை வரை. நாஞ்சில் நாடு என்பது தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் மட்டுமே, களியக்காவிளை உள்ளே வந்தது எப்படி என்று கேட்கலாம். நாகர்கோவில் ஒர்க்‌ஷாப்புக்கு அங்கிருந்தும் கார் வருகிறது என்பதே விடை. தெற்கெல்லை கடல். அதன் உப்புக்காற்றே துருவுக்கும், துரு வழியாக இவ்வாய்வுக்கும் காரணம்.

2. மூலபாடம்

இத்துறையின் மூலநூல் பெயிண்ட் டப்பா. அதை முழுதாகப் படித்தவர் இல்லை. மேற்கோள் காட்டாதவரும் இல்லை. இவ்விரு இயல்புகளாலும் அது செவ்வியல் தகுதி பெறுகிறது. ‘நன்றாகக் குலுக்கவும்’ (டப்பா, மூடி, வட்டமாக ஓடும் வரி) என்ற தொடருக்கு, குலுக்க வேண்டியது டப்பாவையா, உதவிக்கு நிற்கும் பையனையா என உரைவேறுபாடு உண்டு. உலரும் நேரம் பற்றிய பகுதி (டப்பா, பின்புறம், கீழிருந்து இரண்டாம் வரி; வழிந்த பெயிண்டுக்கு அடியில் இருந்த பாடம் தின்னரால் மீட்கப்பட்டது, மீட்டபோது எழுத்தும் போயிற்று) இன்று உரை வழியாக மட்டுமே கிடைக்கிறது.

3. வெப்பவழி வகைப்பாடு

பிளாக்: குளிர்விக்கும் நீர் 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும் இடம். வீட்டு ஜன்னலுக்கு அடிக்கும் சாதா எனாமல் இங்கே தொடக்கத்தில் மினுங்கும். நாளடைவில் மஞ்சளித்து, பிறகு செதில் செதிலாக உதிரும். எஞ்சினுக்கென்றே விற்கும் எனாமல் 150 டிகிரிக்கு மேலும் தாங்கும்.

டேப்பட் கவர்: பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படுவது இதுவே, ஆகவே சண்டை இங்குதான். 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அதே ஆண்டில் இத்தாலியில் பெராரி நிறுவனம் இதே கவருக்குச் சிவப்பு அடித்து, அந்தக் காருக்கு ‘செந்தலை’ என்று பொருள்படும் டெஸ்டா ரோஸா என்ற பெயரும் வைத்தது. இரண்டுக்குமுள்ள தொடர்பை எந்தப் பல்கலைக்கழகமும் ஆராயவில்லை என்பது ஒரு புறக்கணிப்பின் வரலாறு.

எக்ஸாஸ்ட் மேனிபோல்டு: 600 டிகிரியையும் தொடக்கூடியது. சிலிக்கோன் பிசினில் அலுமினியத் தூள் கலந்த உயர்வெப்ப பெயிண்டைத் தவிர மற்றதெல்லாம் இங்கே புகையாகும். ரெட் ஆக்சைடு பிரைமரும் அப்படியே. பெரும்பாலான உயர்வெப்ப பெயிண்டுகளை வெறும் இரும்பின் மேல் நேரடியாக அடிப்பதே முறை.

ரேடியேட்டர்: மெல்லிய மேட் கறுப்பு, தடித்தால் வெப்பம் வெளியேறாது.

கார்புரேட்டர்: அடிக்கக்கூடாது.

எஞ்சின் நம்பர்: இதன் மேல் பெயிண்ட் ஏறினால், பதினைந்து ஆண்டு கழித்துப் பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகும்போது அது முதல்தரச் சான்று எது என்ற பெரிய விவாதமாக மாறும்.

4. வெள்ளைக் கோட்பாடு

இத்துறையில் அதிகம் எழுதப்பட வேண்டியது வெள்ளை பற்றியே. வெள்ளை பெயிண்டின் வெண்மைக்குக் காரணம் டைட்டானியம் டை ஆக்சைடு. அது இல்மனைட்டிலிருந்து எடுக்கப்படுகிறது. இல்மனைட்டோ மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பு மணலாகக் கிடக்கிறது. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த இதே மணலைப் பார்த்து அதில் மோனசைட் என்ற கனிமமும் இருப்பதைக் கண்டுபிடித்தார். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு உலகத்தின் இல்மனைட் தேவையில் பெரும்பங்கு இந்தக் கரையிலிருந்தே கப்பலேறியது. இதுவரை உண்மை.

இனி ஆய்வு. அக்கால வெளிநாட்டுக் கார்களின் வெள்ளையில் ஒரு பகுதியேனும் இந்த மணலாக இருந்திருக்கக்கூடும். ‘இருந்திருக்கக்கூடும்’ என்பது அடுத்த வாக்கியத்தில் ‘இருந்தது’ என்றும், அதற்கடுத்ததில் ‘நிறுவப்பட்டது’ என்றும் ஆவது துறை மரபு. ஆகவே உலகக் கார்கள் அனைத்தும் மணவாளக்குறிச்சியைப் பூசிக்கொண்டு ஓடின என்பது நிறுவப்பட்டது. மணல் உருவாகப் பல கோடி ஆண்டுகள் ஆகியிருக்கும். பென்ஸ் தன் காருக்குக் காப்புரிமை பெற்றது 1886-இல். எனவே நாஞ்சில் பெயிண்ட் காரைவிடத் தொன்மையானது. கார் இல்லாதபோது அதை எதற்கு அடித்தார்கள் என்று கேட்பவர்கள் மண்ணின் பெருமையை மறுப்பவர்கள்.

மறுப்புகளும் உள. மணவாளக்குறிச்சி கல்குளம் வட்டத்தில் இருப்பதால் கறாராகப் பார்த்தால் அது நாஞ்சில் நாடே அல்ல என்பது ஒன்று. 1956-க்கு முன் போன மணலெல்லாம் திருவிதாங்கூர்க் கணக்கு என்பது இன்னொன்று (மணல், மேல்படிவு, அலை ஒதுக்கிய பகுதி, அடுத்த அலை திரும்ப எடுத்துக்கொண்ட பாடம்; காலணிக்குள் சிக்கிய எச்சத்தை வைத்து மீட்டுருவாக்கப்பட்டது). எல்லைச் சிக்கல் தீரும்வரை வெள்ளை பெயிண்ட் வாங்குவதை ஒத்திப்போடுவதே ஆய்வறம். இப்படி ஒத்திப்போட்டதில் இரண்டு முனைவர் பட்டங்களுக்கு இடமுண்டு. வாய்மொழித் தேர்வில் ஏத்தங்காய் சிப்ஸ் தரமாக இருந்தால் மூன்றாவதற்கும் உண்டு. நெறியாளர் பெயர் முதலில் வர வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

கறுப்புக் கோட்பாட்டினர் பத்மநாபபுரம் அரண்மனைத் தரையைக் காட்டுவர். அதன் கறுப்பு மினுமினுப்பு சிரட்டைக்கரியும் முட்டை வெள்ளையும் சேர்ந்தது என்பது அங்கே சொல்லப்படும் செய்தி. முட்டை வெள்ளை 60 டிகிரியைத் தாண்டியதும் வேகத் தொடங்கும் என்பதால் பிளாக்குக்கு இது பரிந்துரைக்கப்படவில்லை.

பயன்பாட்டு நோக்கில் ஒன்று சொல்லலாம். வெளிர் நிறத்தில் எண்ணெய்க் கசிவு உடனே தெரியும், கறுப்பில் தெரியாது. ஆகவே காரை வைத்துக்கொள்பவர் வெளிர் சாம்பலையும் விற்பவர் கறுப்பையும் தெரிவது இயல்பு.

5. மிச்சக் கோட்பாடு

கிறிஸ்துமஸுக்கு கேட்டில் அடித்தது போக மீந்த சில்வரே அவ்வாண்டு எஞ்சினின் நிறம். இக்கோட்பாட்டை யாரும் எழுதியதில்லை, எல்லோரும் பின்பற்றுகிறார்கள்.

6. கள ஆய்வு

வண்ணம் பற்றிய இத்தனை கோட்பாடுகளையும் வடசேரிப் பக்கத்து ஒர்க்‌ஷாப் ஒன்றில் எடுத்துரைத்தபோது கிடைத்த வாய்மொழிச் சான்று வருமாறு: “எந்தக் கலரு வேணும்னாலும் அடியும் ஓய், மொதல்ல எண்ணெயத் தொடையும்.” தகவலாளி இதைத் தலை நிமிராமல் சொன்னார். கையில் கம்பி பிரஷ் இருந்தது.

இச்சான்று மேற்கண்ட பிரிவுகள் அனைத்தோடும் முரண்படுவதால் முதலில் விலக்கி வைக்கப்பட்டது. பின்னர் சோதித்ததில் சரியென்று தெரிந்தது. மண்ணெண்ணெயில் கழுவினால் அழுக்குப் போகும். ஆனால் மண்ணெண்ணெயே ஒரு படலமாகத் தங்கிவிடும். காய்ந்த பின் தின்னர் நனைத்த சுத்தமான துணியால், துணியில் கறை ஏறுவது நிற்கும் வரை துடைக்க வேண்டும். துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து உப்புத்தாள் போட வேண்டும். கேஸ்கட் உட்காரும் முகங்களையும் பிளக் ஓட்டைகளையும் டேப்பால் மூட வேண்டும். பாடிக்குப் பார்க்கும் பட்டி எஞ்சினில் ஆகாது, சூட்டில் வெடித்துவிடும். அலுமினிய உறுப்புக்கு ரெட் ஆக்சைடு அல்ல, அதற்குரிய பிரைமர் வேண்டும். தடித்த ஒரு பூச்சைவிட மெல்லிய இரண்டு மூன்று நிற்கும். உயர்வெப்ப பெயிண்ட் காய்ந்தால் மட்டும் போதாது. எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஆறவிட்டு, மீண்டும் ஓடவிட்டுச் சூட்டிலேதான் அது இறுகும்.

7. முடிவு

பெயிண்டைத் தெரிய வேண்டியது உறுப்பின் சூட்டைப் பார்த்து. நிறம் அவரவர் விருப்பம். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் அடித்தால் எந்த நிறமும் உரியும்.