தீன்தயாளின் தகடும் அத்தையின் கைப்பேசியும்

ஆறாம் நிஜாமின் ஆஸ்தானப் புகைப்படக்காரரான ராஜா தீன்தயாள் சிரத்தையுடன் எண் பொறித்து வைத்த கண்ணாடித் தகடுகள், 1905-இல் அவர் காலமான பின்னரும் நெடுங்காலம் பிழைத்திருந்து, 1989-இல் டில்லியின் இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தைச் சென்றடைந்தன. செகந்திராபாதின் மாரேட்பள்ளியில், போன மாசிக் கல்யாணத்தில் அத்தை பாடிய நலங்குப் பாட்டின் வீடியோவோ, வாட்ஸப்பில் இருக்கிறதா, டெலிகிராமில் இருக்கிறதா, கூகுள் போட்டோஸில் யாரோ திறந்து மறந்த ஆல்பத்தில் இருக்கிறதா என்பது பிரம்மதேவனும் அறியாத ரகசியம். தேதியையும் வரிசை எண்ணையும் தவிர வேறு நாமகரணம் அறியாத வாட்ஸப்பில், 'நலங்கு' என்று தேடுகிறவருக்குக் கிட்டுவது, "நலங்கு வீடியோ யாரிடம் இருக்கிறது?" என்ற பழைய விசாரணைகள் மட்டுமே. சகல செயலிகளையும் ஒருசேரத் துழாவும் உபாயம் ஒன்றை மாதாப்பூரில் இயற்றிக்கொண்டிருக்கும் மருமான், "இன்னொரு தடவை அனுப்புங்கோ, அத்தை" என்று விண்ணப்பித்தான். அத்தையும் தாமதமின்றி அனுப்பினார், வேறொரு கல்யாணத்தினுடையதை.