ஒட்டியிருந்தால் வரும் குணம்

கேள்வி: கிராஃபீன் மீகடத்தி இல்லையே, அதில் எப்படித் தடையில்லாமல் மின்சாரம் ஓடுகிறது?
– கல்லூரி மாணவி, கொழிஞ்சாம்பாறை

பதில்: உங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். கொழிஞ்சாம்பாறைக் கடைவீதித் தமிழில் மலையாளம் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது? பக்கத்திலேயே இருந்ததால்தானே! கிராஃபீனும் அப்படித்தான்.

அலுமினியத்தை ஏறக்குறைய மைனஸ் 272 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்வித்தால், அது மீகடத்தியாகி, எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்து தடையின்றி ஓடும். அதை ஒட்டி கிராஃபீன் இருந்தால், இந்த ஜோடிப் பழக்கம் எல்லை தாண்டி அதற்குள்ளும் கசியும். கிராஃபீனிலிருந்து எல்லைக்கு வரும் ஒற்றை எலக்ட்ரானுக்கு அலுமினியத்துக்குள் அனுமதி கிடையாது. கூடவே ஒரு துணையையும் இழுத்துக்கொண்டுதான் நுழைய வேண்டும். துணை போன இடத்தில் ஒரு 'துளை' உண்டாகித் திரும்பி ஓடும். ஆந்திரேயெவ் எதிரொளிப்பு என்பது இதுதான். என்ன அழகான கணக்கு! தூரம் கூடினால் விளைவு நீர்த்துவிடும். ஆகவே கிராஃபீனின் இருபுறமும் உள்ள மீகடத்தி மின்முனைகளை மிக நெருக்கமாக வைப்பார்கள்.

2007-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டினார்கள். வெளியிலிருந்து தரும் மின்னழுத்தத்தை மாற்றியே இந்த மின்னோட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. கிராஃபீனின் சிறப்புகளில் அதுவும் ஒன்று. 2022-இல் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் மந்தார் தேஷ்முக், ஆர். விஜய் குழுவினர் இரு மீகடத்திகளுக்கு இடையே கிராஃபீன் அமைந்த இதே வகைச் சந்தியை வைத்து, குவாண்டம் விதிகள் அனுமதிக்கும் மிகக் குறைந்த இரைச்சலை எட்டும் மைக்ரோஅலை பெருக்கியையே செய்துவிட்டார்கள். குவாண்டம் கணினியின் மெல்லிய சமிக்ஞைகளைப் படிக்க இத்தகைய பெருக்கிகள்தான் வேண்டும்.