செக்குபந்தி தெரியுமா கண்ணு?

பதினொண்ணாவதுல தமிழை வுட்டுட்டு பிரெஞ்சு எடுத்துட்டியாமே கண்ணு? நல்லதுதான். பத்தாவது வரைக்கும் தமிழ் படிச்சே ஆவணும்னு 2006-ல சட்டம் போட்டவங்க, அதுக்கு மேல உன் இஷ்டம்னு வுட்டுட்டாங்க. பிரெஞ்சுல மார்க்கு மழையா கொட்டுதாம். நல்லா நனைஞ்சுக்க. நான் குடை புடிக்க மாட்டேன்.

நீ திண்ணையில உக்காந்து ஒப்பிக்கிறதைக் கேட்டுக்கினுதான் இருக்கேன். பிரெஞ்சுல இந்தியா பொண்ணாம், சீனா பொண்ணாம். வரப்புச் சண்டை ஆம்பளைங்க சமாச்சாரம்னு இனிமே எவனும் சொல்ல முடியாது! கடைசி எழுத்து 'ஈ'யா இருந்தா அனேகமா பொண்ணாமே. ஆனா மெக்சிகோவும் கம்போடியாவும் பிரெஞ்சுல அந்த எழுத்துல முடிஞ்சும் மீசையை முறுக்கிக்கினு ஆம்பளையா நிக்குதுங்களாம். பொண்ணு நாட்டுக்குப் போறதுன்னா முன்னால 'ஆன்' போடணும், ஆம்பளை நாட்டுக்கு 'ஓ' போடணும். அமெரிக்காவுக்குப் பன்மை. அது எப்பவும் மரியாதையைக் கேட்டு வாங்குற ஊரு, வேற எப்படிக் கூப்புடுவே?

இன்னொண்ணும் சொன்னியே. பிரெஞ்சுக்காரன்னு ஆளைச் சொன்னா பெரிய எழுத்து, அவன் பேசுற பாஷையைச் சொன்னா சின்ன எழுத்து. நம்மாளுங்க மேடையில பாஷையைப் பெருசா போடுவாங்க, கீழ உக்காந்திருக்கிற ஆளைச் சின்னதா போடுவாங்க. அவனவன் இலக்கணம் அவனவனுக்கு.

அப்புறம் திசை. வடக்கு 'நோர்', தெற்கு 'சுட்'. ரெண்டும் ஒரே எழுத்துல முடியுதாம். வடக்குல அது வாயைத் திறக்காதாம், தெற்குல சத்தமா பேசுமாம். தெக்கத்தியான் எங்க இருந்தாலும் கொஞ்சம் வாய்க்காரன்தான் போல. சரி, நம்ம ஏரி இந்தத் திண்ணைக்கு நோரா சுட்டான்னு கேட்டேன். நீ போனை எடுத்தே!

அம்மா தாயே, நாளைக்கு நிலத்தை உன் பேருக்கு எழுதினா பத்திரத்துல செக்குபந்தி இருக்கும். வடக்கே யாரு நிலம், தெற்கே எந்த வாய்க்கா, கிழக்கே எந்த வண்டிப்பாட்டைன்னு நாலு பக்கமும் சொல்லியிருக்கும். திசை தெரியாதவன் வரப்பை பக்கத்துக்காரன் வருசத்துக்கு ஒரு முழம் நகர்த்துவான். இது நேத்து வந்த வழக்கமில்ல. நீ தினம் தாண்டிப் போறியே வைகுண்டப் பெருமாள் கோயில், சோழன் காலத்துல பெரிய மனுசங்க சபை கூடின இடம் அது. அந்தக் காலத்துலயே நம்ம உத்திரமேரூர்க் கல்வெட்டுல நிலத்தைச் சொன்னா, இன்ன வதிக்கு, அதான் பாதைக்கு, மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, கண்ணாறுங்கிற சின்ன வாய்க்கா இத்தினியாவதுன்னுதான் வெட்டியிருக்கான். அவன் போனை எடுக்கல.

பிரெஞ்சு வேணாம்னு சொல்லல கண்ணு. படிக்கிறதை நேர்ல நின்னு படின்னு சொல்றேன். அதுக்குப் பாரிசு போவ வேணாம், பாண்டி போதும். பழைய டவுனைச் சுத்தி வெள்ளைக்காரன் புல்வாருன்னு அகலச் சாலை போட்டு, திசையையே பேரா வெச்சான். வடக்கு புல்வார் இப்ப சர்தார் வல்லபாய் பட்டேல் சாலை, தெற்கு புல்வார் சுப்பையா சாலை, மேற்கு புல்வார் அண்ணா சாலை. கிழக்கே கடல், அதையொட்டி குபேர் அவென்யூ. ஒரு சுத்து நடந்தா உன் பாடம் பாதி காலுல ஏறிடும்.

மீதிப் பாதி, எந்த நாட்டுக்காரன்னு சொல்றது. அதுவும் அங்கயே இருக்குது. 1954-ல பாண்டி நம்ம கைக்கு வந்துச்சு, 1962 ஆகஸ்ட் 16-ல சட்டப்படி சேர்ந்துச்சு. அப்போ, பிரெஞ்சுக் குடிமகனாவே இருக்கணும்னா ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுன்னாங்க. எழுதிக் கொடுத்தவன் பிரெஞ்சுக்காரன், சும்மா இருந்தவன் இந்தியன். ரெண்டு பேர் வூட்டுலயும் அதே மீன் குழம்புதான். எழுதிக் கொடுத்தவங்க வம்சம் பிரான்ஸ் ஜனாதிபதி தேர்தலுக்கு இன்னிக்கும் பாண்டியிலயே ஓட்டுப் போடுது. நீ மார்க்குக்கு மனப்பாடம் பண்றதை அவங்க ஒரு கையெழுத்துல முடிச்சுட்டாங்க.

சனிக்கிழமை காலம்பற மதுராந்தகம் பஸ்ஸைப் புடி, திண்டிவனம் வழியா பாண்டி போ. போறது எந்தத் திசைன்னு பஸ் ஏறுறதுக்கு முன்னாடி சொல்லணும், பிரெஞ்சுலயே. காசு நான் தர்றேன். ஆனா வந்து பைசா சுத்தமா கணக்குச் சொல்லணும். பொறுப்புல இருந்துட்டு கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரனும் குடவோலைத் தேர்தலுக்கு நிக்கக் கூடாதுன்னு பராந்தக சோழன் காலத்துலயே, 921-ல, இந்த ஊர்ல கல்லுல வெட்டியாச்சு.