பதிலி ஆசிரியரின் பையும் பூட்டிய பீரோவும்: பிள்ளையார்பாளையத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

பள்ளிப் பிள்ளையின் பையைப் பற்றி நாடு நிறையவே கவலைப்பட்டிருக்கிறது. ஆர்.கே. நாராயண் 1989-ல் மாநிலங்களவையில் எழுந்து பேசியது புத்தகப் பையின் பாரம் பற்றி. பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு 1993-ல் அதைப் பற்றியே அறிக்கை தந்தது. தமிழ்நாட்டில் 2012-13-ல் முப்பருவ முறை வந்து, ஆண்டுப் புத்தகம் மூன்றாக அறுக்கப்பட்டது. 2020-ல் மத்திய அரசின் பள்ளிப்பைக் கொள்கை, பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்தது. ஆசிரியரின் பையைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அதிலும் லீவு போட்டவருக்குப் பதிலாக வருகிற ஆசிரியரின் பை, தராசுத் தட்டையே கண்டதில்லை. இந்தக் குறையைப் போக்க எழுந்தது இக்கட்டுரை.

நாராயண் மீது பதிலிகளை ஆராயும் நம் துறைக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. எழுத்தாளராகப் பெயர் எடுப்பதற்கு முன் அவர் கொஞ்ச காலம் பள்ளி ஆசிரியராக இருந்தார். உடற்பயிற்சி ஆசிரியருக்குப் பதிலாகப் போகச் சொன்னார் தலைமையாசிரியர். இவர் வேலையையே உதறிவிட்டு வந்துவிட்டார். அன்று மட்டும் போயிருந்தால், விசில் யாருடையது என்ற மூலக் கேள்வி அப்போதே எழுந்திருக்கும். ஆக, பையைப் பற்றிப் பாராளுமன்றத்தில் பேசியவர் சப்ஸ்டிடியூஷனுக்குப் போக மறுத்தவர். போனவர்கள் எங்கும் பேசியதாகத் தெரியவில்லை, தொண்டை கட்டியிருந்திருக்கும்.

ஆய்வுக் களம்

காஞ்சிபுரத்தின் மேற்குப் பக்கம் பிள்ளையார்பாளையம். ஒரு கோடியில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கைலாசநாதர் கோயில். மற்றபடி தெருவுக்குத் தெரு பட்டுத் தறி. பள்ளி மணி அடிக்கும்போது தறிச் சத்தம் ஏற்கெனவே சூடு பிடித்திருக்கும். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலருக்குத் தார் சுற்றத் தெரியும். அதனால் கையில் வேலை தெரிந்தவர் யார், தெரிந்ததுபோல் நிற்பவர் யார் என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு அரை நிமிஷம் போதும். பதிலி ஆசிரியர்களை ஆராய இதைவிடக் கடுமையான சோதனைச்சாலை கிடைக்காது.

பதிலிகளில் மூன்று வகை. முதல் வகையினர் அதே பள்ளியில் பணி செய்பவர்கள். ஓய்வு பீரியடில் அப்பாடா என்று உட்காரும்போது, சப்ஸ்டிடியூஷன் நோட்டோடு ஒரு மாணவன் வாசலில் நிற்பான். "டீச்சர், ஹெச்.எம். கையெழுத்துப் போடச் சொன்னாங்க." இவர்களிடம் பை இருக்காது, முகத்தில் எரிச்சல் மட்டும் இருக்கும், எனவே ஆய்விலிருந்து நீக்கப்படுகிறார்கள். இரண்டாம் வகையினர் பக்கத்துப் பள்ளியிலிருந்து மாற்றுப்பணியில் வருபவர்கள். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் மருத்துவ விடுப்பு எடுத்தால் இப்படி யாராவது வந்துதான் ஆக வேண்டும். மூன்றாம் வகையினர் பள்ளி மேலாண்மைக் குழுவோ பெற்றோர் ஆசிரியர் கழகமோ அமர்த்தும் தற்காலிக ஆசிரியர்கள். 2022-ல் 13,331 காலியிடங்களை இப்படி நிரப்பப் போவதாகத் தமிழக அரசு அறிவித்தபோது, இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரிக்கு 10,000, முதுநிலைக்கு 12,000 என்று நிர்ணயித்தது. பைக்கென்று தனிப்படி எதுவும் அந்த அறிவிப்பில் இல்லை.

பை என்றால் தோல் பையோ முதுகுப் பையோ அல்ல. இந்த ஊரில் அது கட்டைப்பை. பட்டுப் புடவைக் கடையில் முகூர்த்தப் புடவை எடுத்தபோது கொடுத்தது. வெளியே கடையின் பெயரும் தாம்பூலத் தட்டும் அச்சடித்திருக்கும். புடவை பீரோவில் தூங்க, பை பள்ளிக்கூடம் போகிறது.

சாவித் தேற்றம்

இக்கட்டுரையின் கண்டுபிடிப்பை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. ஆய்வேடுகளில் கடைசிப் பக்கம் வரை யாரும் படிப்பதில்லை. வகுப்பறையின் மூலையில் ஒரு இரும்பு பீரோ இருக்கும். அதில் சாக்பீஸ் டப்பா, டஸ்டர், அட்டைப் படங்கள், கதைப் புத்தகம், ஸ்கெட்ச் பேனா, திருத்திய நோட்டு, திருத்தாத நோட்டு, பறிமுதல் செய்த பம்பரம் எல்லாம் இருக்கும். டீச்சர் லீவு போடும்போது பீரோவைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போகிறார். அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு உண்டு. அந்த 12 நாளும் சாவியும் சேர்ந்தே விடுப்பு எடுக்கிறது. இதிலிருந்து பெறப்படும் தேற்றம்: பதிலியின் பையில் இருப்பவை அனைத்தும், பூட்டிய பீரோவுக்குள் இருப்பவையே. பை என்பது வெளியே நடமாடும் பீரோ.

தேற்றத்தை மெய்ப்பிக்க ஒப்பீட்டுச் சான்று வேண்டும். அது பள்ளிக்குப் பக்கத்து வீட்டிலேயே கிடைக்கிறது. கோர்வைப் புடவை நெய்யும்போது உடலுக்கு ஒரு நாடா, இரு கரைக்கும் தனித்தனி நாடா என்று மூன்று ஓடும். நெசவாளி ஒருவரால் முடியாது. பக்கத்தில் இன்னொருவர் இருந்து கரை நாடாவை வாங்கித் தர வேண்டும். அந்த ஆள் வரவில்லையென்றால் மனைவியோ மகளோ எதிர்வீட்டு அண்ணனோ வந்து உட்கார்வார். வெறுங்கையோடுதான் வருவார். நாடா தறியில் இருக்கிறது, தார் கூடையில் இருக்கிறது, பாவு முன்னால் நீண்டு கிடக்கிறது. எதையும் யாரும் பூட்டிக்கொண்டு போகவில்லை. பீரோ இல்லாத இடத்தில் பையும் இல்லை. தேற்றம் நிரூபணமாயிற்று.

அதே தறி இன்னொன்றையும் சொல்கிறது. பலகை அடிக்கிற கை மாறினால் ஊடையின் நெருக்கம் மாறும். பழகிய கண்ணுக்குத் துணியிலேயே தெரிந்துவிடும். வகுப்பிலும் கை மாறினால் தெரிகிறது. அதை மறைக்க எந்தப் பொருளும் இதுவரை எந்தப் பையிலும் இருந்ததில்லை.

வரலாற்றுச் சான்றும் தேற்றத்துக்குச் சாதகமே. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சந்தைக்கோ சாவுக்கோ போனால் சட்டாம்பிள்ளை பாடம் எடுப்பான். மணலில் விரலால் எழுத்து. மணலுக்குப் பூட்டு இல்லை. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789 முதல் சென்னை எழும்பூரின் அனாதைப் பிள்ளைகள் விடுதியை நடத்தியபோது, இந்த மணல் எழுத்தைப் பார்த்துவிட்டு, மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையை அங்கே கொண்டுவந்தார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றி ஒரு சிறு நூலும் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போயிற்று. மணலும் சட்டாம்பிள்ளையும் கப்பலேறினார்கள்; நமக்கு பீரோ வந்து சேர்ந்தது.

பைக்குள் ஆய்வு

சாக்பீஸ் பற்றி விரிவாகச் சொல்ல எதுவுமில்லை. நான்கைந்து வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு. பழைய மாத்திரை டப்பாவில் போட்டு, குலுங்காமலிருக்கப் பஞ்சு வைத்திருக்கும். சிவப்புப் பேனா ஒன்று. பச்சை கூடாது, அது அதிகாரிகளின் மை, பதிலி அதைத் தொட்டால் தனி விசாரணை. தொண்டைக்குப் பனங்கற்கண்டும் மிளகும்.

பாடப் புத்தகம்தான் சிக்கல். பையின் பாரத்தைக் குறைக்க வந்த முப்பருவ முறை, பதிலியின் பையில் நேர் எதிராக வேலை செய்கிறது. எந்த வகுப்பு என்றே காலை ஒன்பது மணிக்குத்தான் தெரியும். எந்தப் பருவத்தில் எந்தப் பாடத்தில் அவர்கள் நிற்கிறார்கள் என்பது கடவுளுக்கும் வகுப்புத் தலைவனுக்கும் மட்டுமே தெரியும். இரண்டாம் பருவப் புத்தகத்தை நம்பி மூன்றாம் பருவத்தில் இறங்கியவர்கள் உண்டு. "மிஸ், இது அரையாண்டுக்கே முடிஞ்சிருச்சு" என்று முதல் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். பின் பெஞ்சு உடனே, "இல்ல மிஸ், எங்களுக்கு நடத்தவே இல்ல" என்னும். இரண்டும் உண்மையாக இருக்கலாம். தேர்ந்த பதிலி அந்தத் தகராறில் இறங்க மாட்டார். புத்தகத்தை மூடிவிட்டு விடுகதைக்குப் போய்விடுவார்.

விடுகதை எடையற்றது, ஆனால் கெட்டுப்போகும். ஏழாம் வகுப்பு 'ஏ' பிரிவில் போட்ட விடுகதைக்கு, இடைவேளை முடிந்து 'பி' பிரிவுக்குள் நுழையும்போதே விடை வந்து வாசலில் நிற்கும். ஆகவே ஒரு நாளைக்கு ஒரு பிரிவுக்கு ஒன்று என்று புதிதாக எடுத்துப் போக வேண்டும். காஞ்சிக்கு வந்த மணிமேகலையின் கையில் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி இருந்ததாகக் காப்பியம் சொல்கிறது. அதில் வந்தது சோறு மட்டுமே. 'பி' பிரிவுக்கு அது போதாது.

ஊக்கு பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். இது பையில் இருப்பதில்லை. பதிலி டீச்சரின் தாலிச் சரட்டிலோ வளையலிலோ நாலைந்தாகத் தொங்கும். தேற்றத்துக்கு உட்படாத பொருள் இதுதான், ஏனென்றால் ஊக்கை எந்த டீச்சரும் பீரோவில் வைத்துப் பூட்டியதில்லை. முதல் பீரியடில் ஒரு பையனின் சட்டைப் பொத்தான் தெறித்தால் ஒன்று போகும். இரண்டாம் பீரியடில் ஒரு பெண்ணின் பை வார் அறுந்தால் இன்னொன்று. மதியம் சாப்பிட ஓடும்போது செருப்பு வார். கடைசி ஊக்கு டீச்சரின் சொந்த முந்தானைக்குரியது. அதையும் கொடுத்துவிட்டு, மீதிப் பொழுது முழுக்க இடது கையால் தோளைப் பிடித்தபடி போர்டில் எழுதிய ஒருவரை இக்கட்டுரையாளர் கண்டிருக்கிறார். ஊக்கு வாங்கிய பிள்ளைகள் அன்று சத்தம் போடவில்லை. இது தற்செயலா, கற்பித்தல் உத்தியா என்பதைக் கல்வியியல் கல்லூரிகள் ஆராயலாம்.

மதியச் சாப்பாடாக இந்த ஊரில் சிறந்தது காஞ்சிபுரம் இட்லி. வரதராஜப் பெருமாள் கோயிலில் மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் வேகிறதே, அதன் வீட்டு வாரிசு. வீட்டில் டம்ளரில் ஊற்றி வேகவைப்பார்கள். மிளகு, சீரகம், சுக்கு போட்டதால் மதியம் வரை அசையாது, சட்னியும் கேட்காது. குறை ஒன்றே: மூடியைத் திறந்ததும் சுக்கு வாசனை வராந்தா முழுக்கப் போகும். அடுத்த பீரியடில் எவனாவது, "மிஸ், இன்னைக்குக் கோயில் இட்லியா?" என்பான். பதிலியின் மரியாதை அந்தக் கேள்வியோடு சற்றுத் தளரும். பழக்கம் சற்றுக் கூடும். லாபமா நஷ்டமா என்று கணக்குப் பார்க்க முடியவில்லை.

டஸ்டர் பற்றிய பின்குறிப்பு

காலையில் போன பையும் மாலையில் வரும் பையும் ஒன்றல்ல. சாக்பீஸ் தீர்ந்திருக்கும், அதன் இடத்தில் பறிமுதல் செய்த ரப்பர் பேண்ட் வில், மடித்த துண்டுச்சீட்டு, வகுப்புத் தலைவன் எழுதிக் கொடுத்த 'பேசியவர்கள்' பட்டியல். பட்டியலில் தலைவனின் எதிரிகள் மட்டுமே இருப்பார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.

திரும்பி வராத பொருள் டஸ்டர். கடைசி மணி அடித்ததும் பிள்ளைகளை வரிசையில் விடுவதற்குள் அது போர்டின் கீழ்க்கட்டையிலேயே தங்கிவிடும். வீட்டில் கிழிந்த பாவாடைத் துணியைச் சுருட்டி, ஊடைப் பட்டின் கழிவு இழையால் இறுக்கிக் கட்டிய டஸ்டர் அது, பஜாரில் கிடைக்காது. மறுநாள் லீவு முடிந்து வகுப்பு டீச்சர் வருவார். கட்டையில் அநாதையாகக் கிடப்பதைப் பார்ப்பார். நல்ல டஸ்டராயிற்றே, யாராவது எடுத்துக்கொண்டு போய்விடப் போகிறார்கள் என்று எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டுவார். பங்குனி உத்திரத்துக்கு அவர் மறுபடி லீவு போடுவார். அதே பதிலிக்கு அதே வகுப்பு விழும். முந்தின ராத்திரியே அவர் இன்னொரு பாவாடையைக் கிழிக்க உட்கார்ந்திருப்பார்.