பேரப்பிள்ளைக்கும் மிஞ்சும்படி வழக்காடுவது எப்படி?

கண்டிப் பக்கத்தில் காணி வழக்குக்கு இறங்குகிறவர்கள் முதலில் ஓர் ஆசையை விட்டுவிட வேண்டும். காணி யாருக்குச் சொந்தம் என்று கோட்டில் கேட்பார்கள் என்ற ஆசை. கேட்பார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சரியான கோட்டுக்கு வந்தீர்களா, சரியான சட்டத்தின் கீழ் வந்தீர்களா, சரியான நாளில் வந்தீர்களா என்பதையெல்லாம் கேட்டு முடித்த பிறகுதான். விஷயம் தெரிந்தவர் அந்த மூன்று கேள்விகளிலேயே ஒரு தலைமுறையைக் கழித்துவிடலாம். இந்தக் கையேடு அவர்களுக்கானது. சமாதானமாகப் போக விரும்புகிறவர்களுக்கு 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி மத்தியஸ்த சபை இருக்கிறது. அவர்கள் அங்கே போய்க் கைகொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்; மேற்கொண்டு வாசிக்கத் தேவையில்லை.

சின்னதாகத் தொடங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரர் வேலியை உங்கள் பக்கம் இரண்டடி தள்ளிப் போட்டுவிட்டார் என்று வையுங்கள். உறுதியைத் தூக்கிக்கொண்டு மாவட்ட நீதிமன்றத்துக்கு ஓடுவது அவசரக்காரர் வேலை. நீங்கள் பொலிசுக்குப் போய், இதனால் கைகலப்பு வரப்போகிறது என்று சொல்லுங்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தில் 66ஆம் பிரிவு இதற்காகவே காத்திருக்கிறது. அங்கே உறுதி செல்லாக்காசு. காணி யார் கையில் இருக்கிறது, முந்திய இரண்டு மாதத்துக்குள் யாராவது பலவந்தமாக வெளியேற்றப்பட்டாரா என்பதுதான் விசாரணை. தோற்றுப்போனால் மேன்முறையீடு கிடையாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. கவலைப்படாதீர்கள். மீளாய்வு என்று பெயரை மாற்றிக்கொண்டு மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கிருந்து கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் போகலாம். எல்லாம் முடிந்த பிறகு பார்த்தால், காணியின் உரிமையைப் பற்றி அதுவரை ஒருவரும் ஒன்றும் தீர்மானித்திருக்க மாட்டார்கள். ஆகவே அதே இரண்டடிக்காக மாவட்ட நீதிமன்றத்தில் புதிதாக ஒரு வழக்கு வைக்கலாம். அப்போதுதான் உறுதியைப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டும். அதுவரை கரையான் அரிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வேலியில் கை பழகியபின் அரசாங்கத்தோடு மோதிப் பார்க்கலாம். தோட்டப்புறத்தில் இருப்பவர்களுக்கு இதற்கான அழைப்பிதழ் லயத்துக்கே வரும். 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கம், அரச காணிகளின் உடைமையை மீளப் பெறும் சட்டம். முப்பது நாளுக்குக் குறையாமல் தவணை தந்து வெளியேறச் சொல்வார்கள். அந்த அறிவித்தலைப் பற்றி உங்களிடம் ஒரு சொல் கேட்க வேண்டியதில்லை என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. குறைந்தபட்சம் ஒளிவுமறைவு இல்லை. வெளியேறாவிட்டால் நீதவான் முன் விண்ணப்பம் வரும். அங்கே ஒரே ஒரு பதில்தான் எடுபடும்: அரசு தந்த செல்லுபடியான அனுமதிப்பத்திரம், அல்லது எழுத்திலான வேறு அதிகாரம். மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறித்தோம், லயத்துக்குப் பின்னால் கோவாவும் கரட்டும் போட்டோம், அம்மாவை அந்த மேட்டில்தான் புதைத்தோம் என்று சொல்லலாம். எல்லாம் உண்மை. எதுவும் அனுமதிப்பத்திரம் ஆகாது. எதிர்ப்பக்க அதிகாரியிடம் அவருடைய விண்ணப்பத்துக்குச் சாட்சியம் கேட்கவும் நீதவானுக்கு இடமில்லை.

ஆகவே விவரம் தெரிந்தவர்கள் அந்த அறிவித்தலையே அடித்துப்போடும்படி ரிட் கேட்பார்கள். எங்கே கேட்பது? வித்தை முழுவதும் இங்கேதான் இருக்கிறது. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் மாகாணத்துக்கு ஒரு மேல் நீதிமன்றத்தைத் தந்தது. மாகாண சபைப் பட்டியலில் உள்ள விஷயங்களில் ரிட் கொடுக்கும் அதிகாரத்தையும் அதற்குத் தந்தது. பட்டியலை எடுத்துப் பார்த்தால் ‘காணி’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். இராகலையில் ஸ்டாஃபோர்ட் தோட்டத்துக் காணியை விட்டு வெளியேறச் சொல்லப்பட்ட ஒருவர் இதை நம்பினார். 1997இல் கண்டி மேல் நீதிமன்றத்தில் ரிட் கேட்டார். எதிர்ப்பக்கம் எழுந்து, இது அரச காணி, இதைக் கேட்க இந்தக் கோட்டுக்கு அதிகாரமே இல்லை என்றது. கண்டி ஆமென்றது. கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றம், இல்லை, அதிகாரம் உண்டு என்றது. தோட்டத் துரை அதை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். பிரதம நீதியரசர் மொஹான் பீரிஸும் நீதியரசர்கள் ஸ்ரீபவனும் வனசுந்தரவும் 2013 செப்டெம்பர் 26ஆம் திகதி முடிவு சொன்னார்கள். அரச காணி குடியரசினுடையது. பட்டியலில் உள்ள ‘காணி’ அந்த அளவுக்கு நீளாது. ஆகவே கண்டி சொன்னதுதான் சரி.

பதினாறு வருடம். அவ்வளவும் போனது எந்தக் கோட்டுக்கு வந்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கே. அவர் வெளியேற வேண்டுமா, வேண்டாமா என்பது தொட்டுப் பார்க்கப்படாமல் இருந்தது. வழக்கை நீட்ட ஆசைப்படுகிறவர் வணங்க வேண்டிய முன்னுதாரணம் இது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தீர்ப்புக்கு ஐந்து நாள் முன்னால், செப்டெம்பர் 21ஆம் திகதி, மத்திய மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது. வடக்கு மாகாண சபைக்கு முதன்முறையாக வாக்களித்ததும் அன்றைக்குத்தான். விரல் மை அழியுமுன்பே, காணி விஷயத்தில் தாங்கள் தெரிவுசெய்த சபையின் கை எவ்வளவு குட்டை என்று வாக்காளருக்குத் தெரிந்துவிட்டது. 2018இல் அந்தச் சபையின் காலமும் முடிந்தது. சபைப் பட்டியலின் பெயரால் வந்த ரிட் அதிகாரம் மட்டும் மேல் நீதிமன்றத்தில் அப்படியே இருக்கிறது.

அப்படியானால் இன்றைக்கு வெளியேறும் அறிவித்தல் வந்தவர் என்ன செய்வது? அவசரமென்றால் விடியற்காலை ரயிலில் கடுகண்ணாவைக் கணவாய் இறங்கிக் கொழும்பு புதுக்கடைக்குப் போய் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ரிட் கேட்க வேண்டும். அவசரமில்லையென்றால் நீதவான் வெளியேறச் சொல்லும்வரை காத்திருந்து, அந்தக் கட்டளையை மீளாய்வு செய்யும்படி கண்டி மேல் நீதிமன்றத்திலேயே கேட்கலாம். அறிவித்தலைக் கேட்க முடியாத அதே மேல் நீதிமன்றம், அந்த அறிவித்தலால் வந்த கட்டளையைக் கேட்கும். இதை யாரிடமாவது விளக்கும்போது அவர் முகத்தைப் பார்க்காதீர்கள்.

மேன்முறையீட்டில் நாள் எண்ணுவது தனிப் பாடம். முன்பு மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பை எதிர்க்கக் கொழும்புக்குத்தான் போக வேண்டும். 2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் அந்த வேலையை மாகாணங்களுக்குக் கொண்டுவந்தது. மத்திய மாகாணத்துக் குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றம் கண்டியில் இருக்கிறது. தீர்ப்பு வந்து 14 நாளுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தல், 60 நாளுக்குள் மனு. பதினாலில் ஞாயிறும் போயாவும் பொது விடுமுறையும் கழியும். அறுபதில் கழியாது. இரண்டும் ஒரே மாதிரித்தான் என்று நினைத்து நடந்தவர்கள் காரணம் கேட்கப்படாமலே தோற்றிருக்கிறார்கள். கண்டியில் வென்ற கட்சிக்கும் நிம்மதி வேண்டாம்: 42 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் அனுமதி கேட்டு எதிராளி போகலாம். மறுபடி கடுகண்ணாவை.

மொழியையும் வீணாக்காதீர்கள். கண்டியில் கோட்டு நடவடிக்கை சிங்களத்தில்தான். ஆனால் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி தமிழ் பேசும் கட்சிக்காரர் தமிழ் மொழிபெயர்ப்புக் கேட்கலாம், செலவு அரசினுடையது. இது உண்மையான உரிமை. விளங்காத காகிதத்தில் கையெழுத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். மொழிபெயர்ப்பைக் கேட்டு வாங்கியே ஆகுங்கள். மொழிபெயர்ப்பாளர் வர ஒரு தவணை போனால், அது மேலதிக இலாபம்.

கடைசியாக, இந்தக் கலையின் உச்சம்: பங்கு பிரிக்கிற வழக்கு. பாட்டனுக்கு ஒன்பது பிள்ளைகள், அதில் மூன்று பேர் வாரிசில்லாமல் போனார்கள், இரண்டு பேர் தங்கள் பங்கில் பாதியை விற்றார்கள் என்று வரும்போது பின்னத்தின் கீழே நாலு இலக்கம் நிற்கும். கழிப்பறை அளவுகூட வராத பங்குக்காரரையும் வழக்கில் சேர்க்க வேண்டும். நாற்பது வருடம் நானே அனுபவித்தேன் என்பவருக்கு 1871ஆம் ஆண்டு ஆட்சியுரிமைச் சட்டம் பத்து வருடம் போதும் என்கிறது. உடனே எதிர்ச் சட்டத்தரணி 1911இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்த கொரெயா வழக்கை எடுத்து, சகபங்காளியின் அனுபவம் எல்லாப் பங்காளிகளுக்காகவும்தான் என்பார். உங்கள் சட்டத்தரணி 1918இன் திலகரட்ன வழக்கை எடுத்து, மிக நீண்ட காலமானால் வேறு மாதிரியும் ஊகிக்கலாம் என்பார். நூறு வருடமாக இரண்டும் உயிரோடு இருக்கின்றன. எந்தப் பக்கத்துக்கும் ஆதாரப் பஞ்சமில்லை.

இது எவ்வளவு காலம் போகும் என்பது சட்டத்துக்கே தெரியும். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பங்குபிரிப்புச் சட்டத்தின் 81ஆம் பிரிவைப் பாருங்கள். வழக்கு முடியுமுன் நீங்கள் இறந்துபோனால் உங்கள் இடத்தில் நின்று வழக்காடக் குறைந்தது ஒருவரையும் கூடியது மூவரையும் விருப்ப வரிசைப்படி நியமித்துக் கோட்டில் எழுத்தில் கொடுக்க வேண்டும். மூவர் இடத்தையும் நிரப்பிவிடுங்கள். முதலாவதாகச் சிங்களம் வாசிக்கத் தெரிந்த மகள். இரண்டாவதாக முழங்கால் வலி இல்லாத மருமகன். மூன்றாவது இடத்துக்குப் பேரனைப் போடலாம், ஆனால் கனடாவுக்கு விசா கேட்டிருக்கிறானா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.